கிரேதோ



ஞாயிறுதோறும் திவ்விய பூசையில் பிரசங்கம் முடிந்ததும் நீங்கள் எல்லோரும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்லுகிறீர்கள். முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் ஞான உபதேசப் பிள்ளைகள் முதல், கடைசித் தூணில் சாய்ந்து நிற்கிற பெரியவர்கள் வரையில் ஒரே குரலாய்ச் சொல்லுகிறீர்கள். வாய்க்குப் பழகின காரியம் ஆகையால் சீக்கிரத்தில் முடிந்தும் போகிறது. மறுபடி உட்காரும்போது, "இப்பொழுது என்ன சொன்னாய்?" என்று ஒருவர் கேட்டால் நம்மில் எத்தனை பேர் விடை சொல்லுவோம்?

சில மாதங்களுக்கு முன் நம் பங்கைச் சேர்ந்த ஓர் அம்மாள் பூசைக்குப் பின் எனக்காகக் காத்திருந்தார்கள். பேர் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் உத்தரவு கொடுத்ததினால்தான் இதை எழுதுகிறேன். பத்தொன்பது வயதுப் பையனை ஆறு நாள் காய்ச்சலில் பறிகொடுத்தவர்கள். "சாமி, எல்லோரும் 'நம்புகிறேன்' என்று சொல்லும்போது எனக்கு நாக்கு எழும்பவில்லை. கோவிலுக்குள் நின்று பொய் சொல்லக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். பக்கத்தில் இருக்கிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள். இனிமேல் நான் பூசைக்கு வரலாமா, வேண்டாமா?" என்று கேட்டார்கள்.

நான் அவசரத்தில் இருந்தேன். "செபம் பண்ணுங்கள் அம்மா, எல்லாம் சரியாகும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பசித்து வந்தவருக்குக் கல்லைக் கொடுத்த மாதிரி அது இருந்தது என்று இரவில் படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எழுந்து, செமினாரியில் படித்த பழைய லத்தீன் அகராதியை எடுத்து, அந்த அம்மாளுக்கு வாயில் வராத அந்த ஒரே வார்த்தையைத் தேடிப் பார்த்தேன். அன்று கண்டதையும், அதற்குப் பின் ஆலோசித்ததையும் இன்றைக்கு உங்களுக்குச் சொல்லுகிறேன். முதலாவது, அந்த வார்த்தை எங்கே பிறந்தது. இரண்டாவது, அது எந்தெந்த உருவம் எடுக்கிறது. மூன்றாவது, நாம் செய்ய வேண்டியது என்ன. இம்மூன்றையும் பார்ப்போம்.

1. வார்த்தையின் பிறப்பு

நம் பாட்டனார் காலத்தில், 1960-ம் ஆண்டுகளில் பூசை தமிழுக்கு வருவதற்கு முன்னே, பாட்டுப் பூசையில் குருவானவர் பீடத்தில் நின்று "கிரேதோ" என்று எடுத்துக் கொடுப்பார். பாடகர்கள் தொடர்ந்து பாடுவார்கள். அந்த முதல் வார்த்தையே முழு மந்திரத்துக்கும் பெயராயிற்று. இன்றும் உலகமெங்கும் விசுவாசப் பிரமாணத்துக்குக் "கிரேதோ" என்று பெயர். அதற்கு "நான் நம்புகிறேன்" என்று அர்த்தம்.

லத்தீன் அகராதியில் ஒரு வினைச்சொல்லை நாலு உருவங்களில் எழுதியிருப்பார்கள். இந்த வார்த்தை இப்படி இருக்கும்: கிரேதோ, கிரேதெரெ, கிரேதிதி, கிரேதித்தும். நம்புகிறேன், நம்புதல், நம்பினேன், நம்பி ஒப்படைக்கப்பட்டது என்பவை அவற்றின் பொருள். மூன்றாவது உருவத்தைக் கவனியுங்கள். "கிரேதிதி" என்பதின் கடைசியில் "திதி" என்று இரட்டித்து வருகிறது. திருப்பிக் கொடுத்தேன் என்பதற்கு "ரெத்திதி", இழந்தேன் என்பதற்குப் "பெர்திதி", ஒரு நகரத்தை ஸ்தாபித்தேன் என்பதற்குக் "கோந்திதி" என்று லத்தீனில் வரும். இவையெல்லாம் ஒரே வகுப்பு. கொடுப்பது, வைப்பது என்னும் பொருளுள்ள சின்ன வினைச்சொல் இவற்றின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகையால் கிரேதோ என்பதும் ஒரு சொல் அல்ல, இரண்டு சொல் சேர்ந்தது. வாலில் இருப்பது "வைக்கிறேன்". தலையில் இருப்பது என்ன?

மொழிநூல் வல்லவர்கள் பலர் அது இருதயத்தைக் குறிக்கும் மிகப் பழைய சொல் என்கிறார்கள். லத்தீனில் இருதயத்துக்குக் "கோர்" என்றும், பன்மையில் "கோர்தா" என்றும் பெயர். கிரேக்கத்தில் "கார்தியா". அந்தக் குடும்பத்திலே பிறந்தது இது. அப்படியானால் கிரேதோ என்பதற்கு ஆதிப் பொருள், "என் இருதயத்தை வைக்கிறேன்" என்பது.

இதில் நமக்கு ஆச்சரியமான சங்கதி ஒன்று உண்டு. வடமொழியில் "சிரத்" என்பதும் "தா" என்பதும் சேர்ந்து "சிரத்தா" என்ற சொல் ஆகிறது. இருக்கு வேதத்திலேயே அந்தச் சொல் இருக்கிறது. அதுதான் தமிழில் "சிரத்தை" என்று வழங்குகிறது. ரோமாபுரியின் கிரேதோவும் நம் வீட்டுச் சிரத்தையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். "சிரத்தையாய்ப் படி" என்று தாய் பிள்ளைக்குச் சொல்லும்போது, "உன் மனதை அதில் வை" என்கிறாள். தனக்குத் தெரியாமலே கிரேதோவின் அர்த்தத்தை அவள் சொல்லிவிடுகிறாள்.

நம் செபங்களில் வழங்கும் மற்ற இரண்டு வார்த்தைகளையும் பாருங்கள். பழைய செபங்களில் "விசுவசிக்கிறேன்" என்று சொன்னோம். விசுவாசம் என்பது சுவாசம் என்னும் வேரில் வந்தது. பயம் நீங்கி ஆறுதலாய் மூச்சு விடுகிறதை அது முதலில் குறித்தது. இப்பொழுது "நம்புகிறேன்" என்று சொல்லுகிறோம். நம்பு என்னும் சொல்லுக்கு நசை, அதாவது விருப்பம் என்று தொல்காப்பியத்தின் உரியியல் பொருள் சொல்லுகிறது. ஆக, ஒரு சொல் இருதயத்தையும், ஒரு சொல் மூச்சையும், ஒரு சொல் விருப்பத்தையும் காட்டுகிறது. மூன்றும் மனுஷனுடைய உள்ளாழத்தைக் காட்டுகின்றன.

இதனால் விசுவாசத்துக்குப் புத்தி வேண்டாம் என்று நினைத்துவிடாதேயுங்கள். 1870-ம் ஆண்டில் முதலாம் வத்திக்கான் சங்கம் போதித்தபடி, புத்தியும் மனதும் இரண்டும் சர்வேசுரனுக்குப் பணிவதே விசுவாசம். இருதயம் என்று வேதாகமம் சொல்லும்போதும் அது வெறும் உணர்ச்சியைச் சொல்லவில்லை. மனுஷன் யோசித்துத் தீர்மானம் பண்ணுகிற உள்ளிடத்தைத்தான் சொல்லுகிறது. மேலும் "வைக்கிறேன்" என்பது ஒரு செயல். சந்தோஷமான இருதயத்தைத்தான் வைக்க வேண்டும் என்று அந்த வார்த்தையில் இல்லை. காயப்பட்ட இருதயத்தையும் கொண்டுபோய் வைக்கலாம்.

2. வார்த்தையின் உருவங்கள்

முதலாவது, இடத்தைப் பாருங்கள். நான் நம்புகிறேன் என்பதற்குக் கிரேதோ; நீ நம்புகிறாய் என்பதற்குக் கிரேதிஸ்; அவர்கள் நம்புகிறார்கள் என்பதற்குக் கிரேதுந்த். தமிழைப் போலவே லத்தீனிலும் "நான்" என்று தனியாய்ச் சொல்ல வேண்டியதில்லை. "நம்புகிறேன்" என்பதில் கடைசியில் நிற்கும் "ஏன்" எப்படி நான் என்பதைக் காட்டுகிறதோ, அப்படியே கிரேதோவில் கடைசி "ஓ" காட்டுகிறது. ஆதித் திருச்சபையில் ஞானஸ்நானம் பெறுகிறவன் தண்ணீரில் நிற்கும்போது, பிதாவையும் சுதனையும் பரிசுத்த ஆவியையும் குறித்து மூன்று தரம் "நீ நம்புகிறாயா?" என்று கேட்பார்கள். அவன் மூன்று தரம் "கிரேதோ" என்பான்; மூன்று தரம் முழுக்குவார்கள். மன்னன் ஆனாலும் அடிமை ஆனாலும் அவனவன் வாயால் அவனவன் சொல்ல வேண்டிய வார்த்தை அது.

இரண்டாவது, வேற்றுமையைப் பாருங்கள். அர்ச். அகுஸ்தீன் இதை அழகாய்ப் பிரித்துக் காட்டினார், அர்ச். தோமாஸ் அக்வீனாஸும் அதையே எடுத்து விளக்கினார். ஒருவருடைய சொல்லை மெய்யென்று ஏற்பது ஒரு வகை. லத்தீனில் அதற்கு நாலாம் வேற்றுமை. சர்வேசுரன் இருக்கிறார் என்று ஒத்துக்கொள்வது இன்னொரு வகை; அதற்கு இரண்டாம் வேற்றுமை. மூன்றாவது வகையில் "இன்" என்ற சிறு சொல் முன்னால் வருகிறது: "கிரேதோ இன் தேயும்". லத்தீனில் கோவிலில் இருக்கிறேன் என்றால் "இன் எக்ளேசியா". கோவிலுக்குள்ளே போகிறேன் என்றால் "இன் எக்ளேசியாம்". இருப்பதற்கு ஒரு உருவம், உள்ளே நடந்து போவதற்கு ஒரு உருவம். விசுவாசப் பிரமாணத்தில் வருவது நடந்து போகிற உருவம். நம்புவதினாலே அவரை நேசித்து அவருக்குள் போவது என்று அர்ச். அகுஸ்தீன் இதற்கு விளக்கம் சொன்னார்.

பசாசுகளும் நம்புகின்றன, நடுங்குகின்றன என்று அர்ச். இயாகப்பர் தம் நிருபத்தில், 2-ம் அதிகாரத்தில், எழுதியிருப்பது உங்களுக்குத் தெரியும். அங்கே வருவது "கிரேதுந்த்". சர்வேசுரன் உண்டு என்பதில் பசாசுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவருக்குள் போக அதற்கு மனதில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்னும் மூன்று ஆட்களுக்கு முன்னே "இன்" வருகிறது. திருச்சபையைச் சொல்லுமிடத்தில் லத்தீனில் அது வருவதில்லை. ஏறக்குறைய 400-ம் ஆண்டில் வாழ்ந்த ரூபீனுஸ் என்ற குருவானவர் இதற்குக் காரணம் எழுதினார்: அந்தச் சிறு சொல் சிருஷ்டிகரையும் சிருஷ்டிகளையும் பிரித்துக் காட்டுகிறது. திருச்சபையையும் அதன் குருக்களையும் நாம் மதிக்கிறோம்; இருதயத்தை வைப்பது சர்வேசுரனிடத்தில் மாத்திரமே.

தமிழிலும் இந்த வித்தியாசம் உண்டு. "கிணற்றில் கயிறு தொங்குகிறது என்று நம்புகிறேன்" என்று கரையில் நின்றுகொண்டே சொல்லலாம். "கயிற்றை நம்பி இறங்கினான்" என்றால் அது வேறு. "நம்பி" என்பது இலக்கணத்தில் வினையெச்சம். அது தனியே நிற்காது. ஒரு வினைமுற்றைக் கேட்கும். உங்களை நம்பிப் பெண்ணைக் கொடுத்தோம், மழையை நம்பி விதைத்தோம், அண்ணனை நம்பிக் கையெழுத்துப் போட்டேன் என்று ஏதாவது ஒரு செயலில்தான் அது முடியும். சர்வேசுரனை நம்பி என்ன செய்தாய் என்று நம் தாய்மொழியே நம்மைக் கேட்கிறது. கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று அர்ச். இயாகப்பர் போதித்ததும் இதுவே.

மூன்றாவது, காலத்தைப் பாருங்கள். உயிர்த்த ஆண்டவரைக் காணாத அர்ச். தோமையார், காயங்களைத் தொட்டாலொழிய நம்பமாட்டேன் என்று எதிர்காலத்தில் சொன்னார். லத்தீன் வேதாகமத்தில் அது "கிரேதாம்" என்று இருக்கிறது. முன்னால் "இல்லை" என்ற சொல்லும் நிற்கிறது. நம்பமாட்டேன் என்று பத்துப் பேர் முன்னிலையில் சொன்ன அந்த மனுஷனைத்தான், நம் நாட்டுக்கு விசுவாசத்தைக் கொண்டுவந்தவர் என்று மயிலாப்பூரிலும் பரங்கிமலையிலும் நாம் தலைமுறை தலைமுறையாய் வணங்கி வருகிறோம். அந்த எட்டு நாளும் மற்ற அப்போஸ்தலர்கள் அவரைத் தங்கள் கூட்டத்தைவிட்டுத் தள்ளிவிடவில்லை என்பதை மறவாதேயுங்கள். அடுத்த வாரம் அவர் அவர்களோடே கூட இருந்தார். இருந்ததினால்தான் ஆண்டவரைக் கண்டார்.

பெத்தானியாவில் மார்த்தம்மாள், தம்பி கல்லறையில் வைக்கப்பட்டு நாலு நாள் ஆனபின், கல் புரட்டப்படுவதற்கு முன்னே, "கிரேதிதி" என்றாள். செய்து முடிந்து நிலைத்திருக்கிற காரியத்துக்குரிய உருவம் அது. இப்பொழுது எனக்கு எப்படி இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. முன்னமே என் இருதயத்தை உம்மிடம் வைத்துவிட்டேன், அது அங்கேதான் இருக்கிறது என்றாள். அதன்பின் கல்லறை வாசலில் அவளே, நாலு நாள் ஆயிற்றே, நாற்றமெடுக்குமே என்றும் சொன்னாள். சொன்ன விசுவாசமும் மெய், வந்த தயக்கமும் மெய். ஆண்டவர் இரண்டையும் கேட்டார். அர்ச். சின்னப்பரும் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதின இரண்டாம் நிருபத்தில் அதே "கிரேதிதி" என்கிறார். எதை நம்பினேன் என்று அல்ல, யாரை நம்பினேன் என்று அறிவேன் என்கிறார்.

நாலாவது, அகராதியின் கடைசி உருவமாகிய "கிரேதித்தும்" என்பதைப் பாருங்கள். ரோமருடைய சட்டத்தில் இது கடனுக்குப் பேர். கடைக்காரரும் வங்கிக்காரரும் "கிரெடிட்" என்று சொல்லுகிறார்களே, அது இந்தச் சொல்லின் பேரப்பிள்ளை. ஒருவனை நம்பி அவன் கையில் ஒப்படைத்தது கிரேதித்தும். அர்ச். அருளப்பர் சுவிசேஷத்தின் 2-ம் அதிகாரத்தில் இந்த வினை இரண்டு விதமாய் வருகிறது. அநேகர் சேசுநாதரின் நாமத்தில் விசுவாசம் வைத்தார்கள். சேசுநாதரோ தம்மை அவர்களிடம் ஒப்புவிக்கவில்லை. லத்தீனில் இரண்டிடத்திலும் ஒரே சொல். அற்புதங்களைப் பார்த்து அவர்கள் நம்பினார்கள். அவர்கள் உள்ளத்தை அறிந்த அவர் தம்மை அவர்கள் கையில் கொடுக்கவில்லை. நம்மிடத்திலோ ஒவ்வொரு பூசையிலும் நன்மையின் உருவில் தம்மைக் கொடுக்கிறார். நாம் அவரை நம்புகிறோம் என்று சொல்லுமுன்னே அவர் நம்மை நம்பி ஒப்படைத்திருக்கிறார். விசுவாசம் நம் சொந்தச் சம்பாத்தியம் அல்ல. நம் கையில் வைக்கப்பட்ட கடன். அதை நம் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

ஐந்தாவது உருவம் பன்மை: "கிரேதிமுஸ்", அதாவது நம்புகிறோம். 325-ம் ஆண்டில் நிசேயா நகரத்தில் மேற்றிராணிமார் கூடி, ஆரியுஸின் தப்பறையை மறுத்து, சுதன் பிதாவோடு ஒரே பொருளானவர் என்று பிரகடனம் பண்ணினார்கள். அந்த ஊர் இப்பொழுது துருக்கி தேசத்தில் இஸ்னிக் என்று வழங்குகிறது. 2025-ம் ஆண்டில் அந்தச் சங்கத்துக்கு 1700 ஆண்டுகள் நிறைந்தன. அவர்கள் கிரேக்கத்தில் எழுதின பிரமாணம் "நம்புகிறோம்" என்று பன்மையில்தான் தொடங்குகிறது. 381-ம் ஆண்டில் கொன்ஸ்தாந்தினோப்பிள் சங்கத்தின் பிரமாணமும் அப்படியே. பூசையில் சொல்லும்போது அது ஞானஸ்நானத்தின் வழக்கப்படி ஒருமையாயிற்று. ஸ்பெயின் தேசத்தில் 589-ம் ஆண்டு தொலேதோ சங்கம் அதைப் பூசையில் சேர்த்தது. ரோமாபுரியில் 1014-ம் ஆண்டில், எட்டாம் ஆசீர்வாதப்பர் பாப்பரசராய் இருந்தபோது சேர்ந்தது.

நிசேயாவில் கூடினவர்களை நினைத்துப் பாருங்கள். வேதகலாபனை ஓய்ந்து அப்பொழுது ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. எஜிப்து தேசத்து மேற்றிராணியாராகிய பாப்நூசியுஸ் ஒரு கண் பிடுங்கப்பட்டவராய் வந்திருந்தார் என்று பழைய திருச்சபைச் சரித்திரக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். கைகள் நெருப்பால் சுடப்பட்டு முடங்கினவரும் இருந்தார். தழும்புள்ள மனுஷர் ஒருவருக்கொருவர் பக்கத்தில் நின்று "நம்புகிறோம்" என்றார்கள். ஒருவருக்குப் பலம் குறைந்த இடத்தில் மற்றவர் பலம் தாங்கிற்று.

3. நாம் செய்ய வேண்டியது

இனி அந்த அம்மாளிடத்துக்குத் திரும்புவோம். அடுத்த நாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பையனுடைய படத்துக்கு முன்னே திரி எரிந்துகொண்டிருந்தது. நான் முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு அர்ச். மாற்கு சுவிசேஷத்தின் 9-ம் அதிகாரத்தில் வருகிற தகப்பனைப் பற்றிச் சொன்னேன். பிள்ளை தரையில் விழுந்து துடிக்கிறது, சீஷர்களாலும் முடியவில்லை. அந்தத் தகப்பன் அழுதுகொண்டே "கிரேதோ" என்கிறான். அதே மூச்சில் தன் அவிசுவாசத்துக்கு உதவி செய்யும்படி கேட்கிறான். அவிசுவாசத்துக்கு லத்தீனில் அங்கே நிற்கிற சொல்லும் கிரேதோவின் வேரிலே முளைத்ததுதான். ஒரே வாயில், ஒரே வேரின் இரண்டு கிளை. முதலில் உன் விசுவாசத்தைப் பூரணமாக்கிக்கொண்டு வா என்று ஆண்டவர் அவனைத் திருப்பி அனுப்பவில்லை.

அந்த அம்மாள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சாமி, அவருக்குப் பிள்ளை பிழைத்துக்கொண்டது" என்றார்கள்.

அதற்கு எனக்கு விடை இல்லை. உண்மைதான். அந்தத் தகப்பனுக்குப் பிள்ளை கிடைத்தது; இந்தத் தாய்க்குக் கிடைக்கவில்லை. வெகுநேரம் இருவரும் பேசாமல் இருந்தோம். அப்பொழுது சுவரில் இருந்த வியாகுல மாதா படம் என் கண்ணில் பட்டது. விசுவசித்தவள் பாக்கியவதி என்று எலிசபெத்தம்மாளால் புகழப்பட்டவர்கள் தேவமாதா. லூக்காஸ் எழுதின சுவிசேஷத்தின் பழைய லத்தீன் மொழிபெயர்ப்பில் அங்கே நிற்பதும் நம் வார்த்தைதான், முன்னிலையில்: "கிரேதிதிஸ்தி", நீ நம்பினாய். அப்படிப்பட்ட தேவமாதா சிலுவையடியில் என்ன சொன்னார்கள்? சுவிசேஷத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. நின்றார்கள் என்று மட்டும் எழுதியிருக்கிறது. மகன் சாகிற இடத்தில் வாய் திறவாமல் நின்றார்கள். அந்த நிற்றலைத் திருச்சபை அவிசுவாசம் என்று ஒருநாளும் சொல்லவில்லை.

"அம்மா, நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம், வந்து நில்லுங்கள். உங்களுக்காக நாங்கள் 'நான்' என்று சொல்ல முடியாது; அது உங்களுடைய வார்த்தை. ஆனால் உங்களோடு 'நாங்கள்' என்று சொல்ல முடியும். உங்கள் வார்த்தை திரும்பி வருமட்டும் எங்கள் வார்த்தையில் சாய்ந்துகொள்ளுங்கள்" என்றேன்.

குழந்தை தெரேசம்மாளைப் பற்றியும் சொன்னேன். 1896-ம் ஆண்டு பாஸ்கு காலம் தொடங்கி, 1897-ம் ஆண்டு செப்டெம்பர் 30-ம் நாள் தமது இருபத்துநாலாம் வயதில் இறக்குமட்டும், அந்த அர்ச்சியசிஷ்டவளின் ஆத்துமம் மோட்சம் என்று ஒன்று உண்டா என்னும் இருளிலே கிடந்தது. அந்தக் காலத்தில் அவள் தன் சொந்த இரத்தத்தால் கிரேதோவை எழுதித் தன் மார்பின்மேல் வைத்துக்கொண்டாள். வாய் ருசி அறியாத வார்த்தையை இருதயத்தின்மேல் வைத்தாள். கிரேதோ என்பதற்கு இதைவிட நேரான அர்த்தம் அகராதியில் இல்லை.

அந்த அம்மாள் இன்னும் விசுவாசப் பிரமாணம் சொல்லவில்லை. ஆனால் ஞாயிறுதோறும் வருகிறார்கள், எழுந்து நிற்கிறார்கள். அவர்கள் இருதயத்தை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று சர்வேசுரன் அறிவார். நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்க வேண்டாம்.

ஆகையால், பிரியமானவர்களே, மூன்று காரியங்களை உங்களிடம் கேட்டுக்கொள்ளுகிறேன்.

முதலாவது, வாய் மூடி நிற்கிறவர்களைத் திரும்பிப் பார்க்காதேயுங்கள். "விசுவாசம் போய்விட்டது" என்று திண்ணையில் உட்கார்ந்து பேசாதேயுங்கள். அப்படிப் பேசினவர்கள் நம் பங்கில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். துக்க வீட்டுக்குப் போய் ஒரு குடம் தண்ணீர் எடுத்து வைக்கிறவனுடைய விசுவாசம், தப்பாமல் மந்திரம் ஒப்பிக்கிறவனுடைய விசுவாசத்துக்குக் குறைந்தது அல்ல. "நம்பி" என்பது வினையெச்சம் என்று படித்தோமே. அதை முடிக்க வேண்டிய இடம் அந்த வீடுகளே.

இரண்டாவது, விசுவாசப் பிரமாணத்தை அவசரமில்லாமல் சொல்லுங்கள். வண்டிக்கு நேரமாகிவிட்ட மாதிரி ஓடாதேயுங்கள். உங்கள் குரலில் சாய்ந்துகொண்டு ஒருவர் உங்கள் பக்கத்தில் நிற்கலாம். ஓடுகிறவன் தோளில் சாய முடியாது.

மூன்றாவது, தாய் தகப்பன்மாரே, ஞானத்தாய் ஞானத்தகப்பன்மாரே, ஞானஸ்நானத் தொட்டியண்டையில் அந்தக் கேள்விக்கு விடை சொன்னவர்கள் நீங்கள். பேசத் தெரியாத குழந்தை திருச்சபையின் விசுவாசத்தில் ஞானஸ்நானம் பெற்றது. நம்மில் அநேகர் அப்படிப் பிறர் குரலில் சாய்ந்துதான் வந்தோம். அந்தக் கடன் இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. இரவில் விளக்கேற்றிச் செபம் சொல்லும்போது, வாரத்தில் ஒரு நாளாவது பிள்ளைகளை உட்கார வைத்து, விசுவாசப் பிரமாணத்தை ஒவ்வொரு வாக்கியமாய்ச் சொல்லிக் கொடுங்கள். அர்த்தம் கேட்டால் தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததை என்னிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். பிள்ளை ஒருநாள் இருட்டில் நிற்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்கமாட்டீர்கள். நீங்கள் கொடுத்த வார்த்தை அவன் பக்கத்தில் இருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் நீங்கள் எழுந்து நிற்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். முடிந்தவர்கள் "நம்புகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முடியாதவர்கள் நில்லுங்கள். நம் எல்லோருடைய இருதயத்தையும், திடமானதையும் உடைந்ததையும், ஒரே பீடத்தில் வைப்போம். சிலுவையடியில் நின்ற தேவமாதா அவற்றைத் தன் திருக்குமாரனிடத்தில் சேர்ப்பார்களாக. பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் ஆசீர்வாதம் உங்கள் வீடுகளின்மேல் தங்குவதாக. ஆமென்.

உங்கள் பங்குக் குருவானவர்